படிப்பு இலவசமாம்! பஸ் காசு யார் கொடுப்பது?

“தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எல்லாக் கதவும் திறந்தே கிடக்கிறது. உள்ளே நுழையத்தான் அவர்களுக்கு மனமில்லை.”

சில மாதங்களுக்கு முன் ஜார்ஜ் டவுனில் நடந்த ஒரு பரிசளிப்பு விழாவில் கனவான் ஒருவர் இவ்வாறு திருவாய் மலர்ந்தருளினார். கழுத்திலே மாலை, தோளிலே பொன்னாடை, முன் வரிசையிலே அவருடைய நண்பர்கள். கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. கைதட்டியவர்களில் செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்து வேன் பிடித்துப் போயிருந்த நம் தொழிலாளத் தோழர்களும் இருந்தார்கள். கனவான் பேசியதைவிட அதுதான் நம்மை வருத்திற்று.

கனவானுக்குப் பதில் சொல்வது நமக்கு ஒரு வேலையல்ல. ஆனால் அவர் மண்டபத்தில் சொன்னதையே துரை பங்களாவில் சொல்கிறார். கிராணி ஆபீசில் சொல்கிறார். லயத்து வாசற்படியில் உட்கார்ந்து அப்பன் தன் மகனைப் பார்த்தே சொல்கிறான். ஏழையின் வாயாலேயே ஏழையைக் குற்றவாளியாக்கும் பேச்சு இது. ஆகவே இதற்கு இந்தப் பத்திரிகையில் ஒரு கணக்கு எழுதியே தீரவேண்டும்.

முதலில் கனவானுக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். கதவுகள் திறந்திருக்கின்றன என்பது முழுப் பொய்யல்ல. சட்டத்தின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துதான் வந்திருக்கின்றன. இந்த நாட்டில் பள்ளிப் படிப்பு தலையெடுத்ததே நம் பினாங்கில்தான். பினாங்கு பிரீ ஸ்கூல் 1816-ஆம் ஆண்டில் தோன்றியது. அதே ஆண்டில் அங்கே தமிழ் வகுப்பும் தொடங்கிற்று என்பதைக் கொண்டுதான் 2016-இல் மலேசியத் தமிழ்க் கல்விக்கு 200 ஆண்டு விழா எடுத்தோம். 1885 முதல் நீரிணைக் குடியேற்றங்களில் ராணியின் பெயரால் உபகாரச் சம்பளம் கொடுத்து, கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்பினார்கள். பினாங்கில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்த ஊ லியென் தே 1896-இல் அதைப் பெற்று, கேம்பிரிட்ஜ் சென்று டாக்டரானார். பின்னர் மஞ்சூரியாவில் பிளேக் நோயை அடக்கிப் பெயர் பெற்றார். நல்ல காரியந்தான், யார் இல்லை என்றார்கள்?

ஆனால் அதே காலத்தில் நீரிணையின் இக்கரையில், அன்று புரொவின்ஸ் வெல்லெஸ்லி என்றழைக்கப்பட்ட நிலத்தில், நம் பாட்டன்மார் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கரும்பு போய்ப் பால்மரம் வந்தது. கலிடோனியா, பைராம், வால்டோர், மலாக்கோப், பத்து காவான் என்று தோட்டங்களின் பெயர்களைச் சொன்னாலே நம்மில் பலருக்குப் பாட்டியின் ஞாபகம் வரும். அந்த லயங்களிலிருந்து எந்தப் பிள்ளை ராணி உபகாரச் சம்பளப் பரீட்சைக்குப் போயிருக்க முடியும்? பரீட்சை ஆங்கிலப் பள்ளிக்காரனுக்கு. ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில். பட்டணத்துக்குப் போகச் சம்பளமும் வேண்டும், பெயர் போடும் நாளில் விடுமுறையும் வேண்டும். கதவு திறந்திருந்தது; கதவுக்குப் போகும் பாலந்தான் இல்லை.

தோட்டப் பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்பதையும் நினைவுபடுத்துவோம். ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. துரைமார் வைத்தார்கள். எப்படி? பல இடங்களில் பிள்ளைக் கொட்டகையின் ஓரத்தில் நாலு பெஞ்சு. கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் வாத்தியார். பையனுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும், மீதியை உளி கற்றுக்கொடுக்கும் என்பது அவர்கள் திட்டம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறைப் பேராசிரியராயிருந்த தி. மாரிமுத்து அவர்கள் தோட்டப் பள்ளியைப் பற்றி எழுதியபோது, சமூகம் தன்னைத் தானே மறுபடி படைத்துக்கொள்ளும் கருவி அது என்றே தலைப்புக் கொடுத்தார். நம் பாஷையில் சொன்னால், பால் வெட்டுபவன் மகனைப் பால் வெட்டுபவனாக்கும் தவரணை அது.

விடுதலைக்குப் பிறகு நிலைமை மாறிற்று. 1960-ஆம் ஆண்டு ரஹ்மான் தாலிப் அறிக்கையை ஒட்டி 1962-இல் ஆரம்பப் பள்ளிக் கட்டணம் எடுபட்டது. ஆறாம் வகுப்பு முடித்தவனை வடிகட்டி வெளியே தள்ளிய இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு 1964-இல் ஒழிந்தது. சிங்கப்பூரில் 1949-இல் பிறந்த மலாயா சர்வகலாசாலை 1959-இல் கோலாலம்பூரிலும் காலூன்றி, 1962-இல் தனித்து நின்றது. 1969-இல் பினாங்குக்கே ஒரு சர்வகலாசாலை கிடைத்தது. அதுதான் பழைய மிண்டன் பட்டாளத்து முகாம் இருந்த மேட்டில், இன்று சயன்ஸ் பல்கலைக்கழகம் என்ற பெயரோடு நிற்கிறது. 1985-இல் பாலமும் போட்டாகிவிட்டது. பிறையிலிருந்து ஏறினால் மிண்டன் கண்ணுக்கெட்டிய தூரம்.

ஆக, கதவு உண்டு, பாலமும் உண்டு. இனி என்ன தடை என்று கனவான் கேட்கிறார். தடை என்னவென்று சர்வகலாசாலையைக் கேட்டால் தெரியாது. செக்ரோலைக் கேட்டால் தெரியும்.

நாம் செக்ரோல் எழுதுகிறவர்கள். யார் எத்தனை நாள் பெரட்டுக்கு வந்தான், எந்த நிரையில் எத்தனை கிலோ பால் கொண்டுவந்தான், மழையால் எத்தனை நாள் மரம் வெட்டவில்லை, எந்த மாதம் முன்பணம் பிடித்தோம் என்பதெல்லாம் நம் கையெழுத்தில் இருக்கிறது. படிப்பு எங்கே முறிகிறது என்பதை எந்த ஆராய்ச்சிக்காரனையும்விட ஆபீஸ் மேசையிலிருந்து நாம் தெளிவாகப் பார்க்கிறோம். ஏனென்றால் பிள்ளையின் பாரத்தில் ‘குடும்ப வருமானம்’ என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லி நம்மிடந்தான் வருகிறார்கள்.

ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், தென் செபராங் பிறையில் ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா இருவரும் பால் வெட்டு. மூத்த பெண் பிறையில் ஒரு பாக்டரியில். இரண்டாவது பையன் ஆறாம் படிவம் முடித்து, எஸ்.டி.பி.எம். பரீட்சையில் நன்றாகத் தேறினான். சர்க்கார் சர்வகலாசாலையில் இடமும் கிடைத்தது. இடம் எங்கே? கடல் தாண்டிச் சரவாக்கில். கடிதம் வந்ததற்கும் பதிவு நாளுக்கும் நடுவே மூன்று வாரங்கூட இல்லை. பதிவுக் கட்டணம், விடுதி, விமான டிக்கெட், கணினி, மெத்தை விரிப்பு முதல் வாளி வரை எல்லாம் அந்த மூன்று வாரத்துக்குள் வேண்டும்.

உதவி கொடுக்கும் ஓர் அமைப்புக்கு மனுப் போட்டார்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டை இணைக்கச் சொன்னது பாரம். இப்போது கணக்கைப் பாருங்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலைக்காரனுக்கு நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. ஒரு வீட்டில் மூன்று பேர் அந்தச் சம்பளத்தில் இருந்தால் மாதம் 5,100. சர்க்காரின் 2022-ஆம் ஆண்டுக் குடும்ப வருமானக் கணக்கெடுப்பு, நாட்டின் அடித்தட்டு 40 விழுக்காட்டினருக்குப் போட்ட கோடு 5,250 வெள்ளி. கோட்டுக்கு 150 வெள்ளி கீழே நிற்கிறார்கள். பெரிய வாழ்வுதான்! ஆனால் அந்த மூன்று மாதமும் தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை. புருஷனும் பெண்சாதியும் மாதம் இரண்டு ஞாயிறு வேலைக்கு வந்தார்கள். ஓய்வு நாள் வேலைக்கு இரட்டைக் கூலி. நாலு ஞாயிறுக்கு 523 வெள்ளி. கூட்டினால் 5,623. கோட்டைத் தாண்டியாயிற்று! ஏழை என்ற தகுதியும் போயிற்று.

ஞாயிறு வேலைக்கு ஏன் வந்தார்கள்? மகன் படிப்புக்குக் காசு சேர்க்க. அந்த ஞாயிறு வேலையே மகனுடைய உதவிக்கு எமனாக வந்தது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மரம் இலை உதிர்த்து நின்ற காலத்துச் சீட்டை யாரும் கேட்கவில்லை. மழைக்காலச் சீட்டையும் கேட்கவில்லை. 5,623 என்ற எண்ணைப் பாரத்தில் எழுதிய பேனா நம்முடையது. பொய் எழுத முடியாது, எழுதியது மெய். ஆனால் அந்த மெய் அந்த வீட்டின் மெய்யல்ல.

பையன் போகவில்லை. இன்று அவனும் பாக்டரியில் இரவு ஷிப்டில் நிற்கிறான். அவன் அப்பா நம்மிடம் கோபிக்கவில்லை. “பரவாயில்லை கிராணி, அவன் தங்கச்சி இருக்கு” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். மனமில்லாதவர் யார் என்று கனவான் இப்போது சொல்லட்டும்.

“கடன் இருக்கிறதே!” என்பார்கள். உண்டு. 1997 முதல் உயர்கல்விக் கடன் கழகம் கடன் கொடுக்கிறது. அதன் பலனாகப் பட்டம் பெற்ற தோட்டத்துப் பிள்ளைகள் அநேகர். அதை நாம் மறைக்கமாட்டோம். பெற்றோர் வருமானத்தைப் பார்த்துப் படி வைத்திருக்கிறார்கள்: கீழ்ப்படிக்கு முழுக் கடன், மேலே போகப் போகக் குறைவு. நல்ல எண்ணந்தான். ஆனால் கடன் கையில் சேருவது பிள்ளை பதிந்த பிறகு. பதிவதற்குக் காசு முன்னால் வேண்டும். பால் எடைபோட்ட பிறகு மங்கு வாங்கித் தருகிறேன் என்றால் பாலை எதில் ஏந்துவது? முன்பணம் என்று கொஞ்சம் உண்டு. அதற்கும் சர்க்கார் உதவிப் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். மேலே சொன்ன ஞாயிறு வேலைக்காரன் அங்கேயும் மாட்டிக்கொள்வான். முடிவில் அம்மாவின் தாலிச்சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. அதுவும் இல்லாத வீட்டுக்காரன் ஆலோங்கிடம் போகிறான். ஆலோங் மட்டுந்தான் வருமானச் சீட்டுக் கேட்பதில்லை.

கடன் என்றதும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே மாதிரி கையெழுத்துப் போடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். பட்டணத்து டாக்டர் மகனுக்குக் கடன் ஒரு பாரம். நிரப்பிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவான். லயத்துப் பையனுக்குக் கடன் என்றால் பாட்டன் காலத்துக் கங்காணிக் கடன் ஞாபகத்துக்கு வருகிறது. கப்பல் கூலி முதல் கல்யாணச் செலவு வரை கடனுக்கே மரம் வெட்டிய பரம்பரை அது. பட்டம் வாங்குமுன்னே பல ஆயிரம் வெள்ளிக்குக் கையெழுத்து என்றதும் வீடு நடுங்குகிறது. இதை மனமின்மை என்று சொல்பவனுக்குக் கடனின் ருசி தெரியாது.

நிற்க. “தகுதி, தகுதி” என்று ஒரு பாட்டு வெகுநாளாய்க் கேட்கிறது. தகுதிக்குப் பரீட்சை வைக்கிறார்கள். அது வெட்டவெளியில் நடக்கும் ஓட்டப் பந்தயம் என்கிறார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது மலாய் பாடத்தில் தேர்ச்சி குறைந்தால் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் கூடுதலாக உட்காரவேண்டும். ஒரு வருஷந்தானே என்பீர்கள். மாதச் சம்பளக்காரன் வீட்டில் அது ஒரு வருஷம். நாட்கூலிக்காரன் வீட்டில் அது ஒரு ஆள் சம்பளம். பதினேழு வயதில் சம்பாதிக்க வேண்டியவன் பதினெட்டிலும் சம்பாதிக்கவில்லை என்பதே லயத்தில் பேச்சாகும். அதற்கு மேல் ஆறாம் படிவம் ஒன்றரை வருஷம். பிறகு பட்டம் மூன்று, நாலு வருஷம். ஒவ்வொரு வருஷமும் தம்பி தங்கைகளின் முறையைத் தின்றுகொண்டு நகருகிறது. எத்தனை மூத்த பிள்ளைகள் தாங்களாகவே பேர் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்பதை நம் ஆபீஸ் புத்தகம் சொல்லும்.

இந்த இடத்தில்தான் மெட்ரிகுலேஷன் விவகாரம் வருகிறது. ஒரே வருஷம், தங்குமிடம் உண்டு, கைச்செலவுக்கு மாதப் படியும் உண்டு. ஏழைப் பிள்ளைக்கென்றே அளந்து தைத்த சட்டை. ஆனால் இடங்களில் 90 பங்கு பூமிபுத்ராக்களுக்கு, 10 பங்கு மற்றவர்க்கு என்ற பங்கீடு. 2019-இல் இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கியபோதும் அந்தப் பங்கீடு அசையவில்லை. 2024 ஜூன் மாதக் கடைசியில் பிரதமர் அன்வார், எஸ்.பி.எம். பரீட்சையில் 10 ஏ எடுத்தவர்களுக்கு இன பேதமின்றி இடம் உண்டு என்றார். வரவேற்றோம், பட்டாசு வெடிக்காத குறை. ஆனால் மேசைக்குத் திரும்பி வந்து யோசித்தோம்: 10 ஏ எடுக்க முதலில் 10 பாடம் எடுக்கவேண்டும் அல்லவா? நம் பிள்ளைகளில் பலர் 9 பாடத்தோடு நிற்கிறார்கள். பத்தாவதாகத் தமிழோ தமிழ் இலக்கியமோ எடுக்க வேண்டுமானால், பள்ளியில் வகுப்பு இல்லாத இடத்தில் சனி, ஞாயிறு வெளி வகுப்புக்குப் போகவேண்டும். போக பஸ் காசு. அந்த வழியில் பஸ்ஸே இல்லையென்றால் அப்பன் மோட்டார் சைக்கிள். அப்பன் ஞாயிறு வேலையில். கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் டியூஷன் வேறு. 10 ஏ என்பது தகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தகுதி கடைத்தெருவில் பாடத்துக்கு இவ்வளவு என்று மாதா மாதம் விலைக்கு விற்கப்படுகிறது.

இந்தப் பங்கீட்டைப் பற்றிப் பேசினால் உடனே நம்மவர்களில் சிலருக்கு உற்சாகம் பிறந்துவிடுகிறது. “இனப் பங்கீடுதான் நம்மைக் கொன்றது” என்று ஒரே வாக்கியத்தில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அந்த வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியை மறைக்கவே அது பயன்படுகிறது என்பது நம் அபிப்பிராயம். 1970-களிலிருந்து சர்வகலாசாலை இடங்களுக்குப் பங்கீடு வந்தபோது, அது எல்லா இந்தியர்களையும் ஒன்றுபோல் தாக்கவில்லை. காசுள்ளவன் மகன் மணிப்பாலுக்குப் போனான், லண்டனுக்குப் போனான், கோலாலம்பூரின் தனியார் கல்லூரியில் இடம் வாங்கினான். பங்கீடு அவனுக்கு ஒரு செலவு. நமக்கோ அது ஒரு சுவர். இதே பங்கீடு இருந்தும் யானில் நாற்று நடும் மலாய்க் குடியானவன் மகனும், கோலா மூடாவில் வலை இழுப்பவன் மகனும் பட்டணத்து உத்தியோகஸ்தன் மகனோடு சமமாக உள்ளே போனார்களா? அவர்கள் வீட்டுக் கட்டத்தில் எழுதும் எண்ணும் நம் எண்ணுக்குப் பக்கத்து எண்தான். மிஞ்சிய இடத்துக்கு ஏழையும் ஏழையும் அடித்துக்கொள்ள, இரண்டு பக்கத்துச் சீமான்களும் மேடையில் ‘சமூக உரிமை’ பேசுகிறார்கள். தொழிற்சங்கக்காரன் இந்த வலையில் விழக்கூடாது. இனத்தைக் கேட்காதே, வீட்டு வருமானத்தைக் கேள். கேட்பதையும் ஒழுங்காகக் கேள் என்பதே நம் பேச்சாக இருக்கவேண்டும்.

சமூகத்தின் பெயரால் எழுந்த கட்டடங்களையும் ஒருமுறை பார்ப்போம். கெடாவில் பீடோங்கை அடுத்த செமிலிங்கில் ஒரு சர்வகலாசாலை எழும்பியிருக்கிறது, 2001-இல் தொடங்கியது. பெருமைதான்; அங்கே படித்து டாக்டரான நம் பிள்ளைகள் உண்டு. ஆனால் தனியார் சர்வகலாசாலை என்றால் தனியார் கட்டணந்தான். மருத்துவப் படிப்புக்கு இலட்சக்கணக்கில் வேண்டும். உபகாரச் சம்பளமோ பெருங்கடனோ இல்லாமல் பால் வெட்டுபவன் மகள் அந்த வகுப்பில் உட்காரமுடியாது. நம் சமூகத்துக்கு ஒரு சர்வகலாசாலை என்று சொல்வது வேறு; நம் லயத்துக்கு ஒரு சர்வகலாசாலை என்று சொல்வது வேறு.

இன்னொரு கட்சி இருக்கிறது. “அந்தத் தோட்டத்துப் பையன் டாக்டராகவில்லையா? இந்தத் தோட்டத்துப் பெண் வக்கீலாகவில்லையா?” என்று உதாரணம் காட்டும் கட்சி. ஆகியிருக்கிறார்கள், அவர்கள் கால் பட்ட மண்ணை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒரு நிரையில் ஒரு மரம் மங்கு வழியப் பால் கொடுத்தால், நிரை முழுவதும் அப்படியே கொடுக்கவில்லை என்று வெட்டுகிறவனைத் துரை ஏசினால் நாம் பொறுப்போமா? மரத்தின் வயதைப் பார், மண்ணைப் பார், உரம் போட்டாயா என்று கேட்போம். மரத்துக்குக் கேட்கும் நியாயத்தைப் பிள்ளைக்கு ஏன் கேட்பதில்லை?

கள்ளுக்கடையைக் காட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குடித்துக் கெடுத்த அப்பன் உண்டு. அவனைக் கண்டிக்கும் முதல் ஆள் சங்கமாகத்தான் இருக்கும், இருந்துமிருக்கிறது. ஆனால் கிளப்பில் குடிக்கும் துரையின் மகன் அந்தக் குடியால் சர்வகலாசாலையைத் தவறவிட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

வேறு நாடுகளில் இது எப்படி நடந்தது என்று பார்த்தால் நமக்கு இரண்டு பாடம் கிடைக்கிறது. இலங்கையில் கன்னங்கரா அவர்கள் 1945-இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை கட்டணம் இல்லை. உலகமே மெச்சிய காரியம். ஆனால் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிகள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. 1970-களில்தான் அவற்றைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஒரு தலைமுறை முழுவதும் இலவசம் தோட்டத்து எல்லைக் கல்லோடு நின்றுவிட்டது. நம் உறவினர்களான மலையகத் தோழர்கள் அதற்குக் கொடுத்த விலையை இன்னமும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மற்றொன்று தமிழ்நாடு. மருத்துவக் கல்லூரிக்கு ‘நீட்’ பரீட்சை வந்தபிறகு, பயிற்சி நிலையத்துக்குக் காசு கட்ட முடியாத அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அடியோடு பின்தங்கினார்கள். 2017-இல் அரியலூர் மாவட்டத்துச் சுமைதூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, பள்ளி இறுதித் தேர்வில் 1,200-க்கு 1,176 மதிப்பெண் எடுத்தும் மருத்துவ இடம் கிடைக்காமல் உயிரை விட்டாள். 2020-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் செய்தது: ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு. அடுத்த ஆண்டு அதே அளவு பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. படிப்புக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் சர்க்காரே ஏற்றது. பரீட்சை மதிப்பெண்ணில் வீட்டுக் காசும் கலந்திருக்கிறது என்று ஒரு சர்க்கார் சட்டத்திலேயே ஒப்புக்கொண்ட இடம் அது. இங்கே அப்படி ஒப்புக்கொள்ள யாருக்கும் வாய் வரவில்லை.

இனி நம் வீட்டுக் குறையையும் பேசுவோம். பிறரைச் சாடிவிட்டு நாம் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்க முடியாது.

சங்கம் 1954 முதல் கூலிக்கும் போனசுக்கும் பால் விலைப் படிக்கும் போராடி வந்திருக்கிறது. முதலாளிமார் சங்கமான மாப்பாவோடு ஒப்பந்தம் பேசும்போது காசுக் கணக்கில் விடாப்பிடியாக நின்றிருக்கிறோம். ஆனால் பிள்ளையின் பதிவு நாளுக்கு வட்டியில்லா முன்பணம் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தே தீரவேண்டும் என்று எத்தனை கிளைகள் தீர்மானம் போட்டன? கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்பணம் கேட்டால் வெட்கப்படாமல் கேட்கிறோம். படிப்புக்குக் கேட்கக் கூச்சப்படுகிறோம். பல தோட்டங்களில் துரை மனம் வைத்தால் கொடுக்கிறார், மனம் வைக்காவிட்டால் இல்லை. துரையின் மனத்தை நம்பிப் பிள்ளையின் ஆயுளை வைக்கலாமா? ஒப்பந்தத்தில் ஏறட்டும், சம்பளத்தில் சிறுகச் சிறுகப் பிடித்துக்கொள்ளட்டும்.

கிராணிமாரே, உங்களுக்கும் தனியாக ஒரு சொல். நாமும் மாதச் சம்பளக்காரர்கள். நம் பிள்ளைக்கு டியூஷன் உண்டு, ஆபீஸில் இணையம் உண்டு, எந்த விண்ணப்பம் எந்தத் தேதியில் முடிகிறது என்பது நமக்குத் தெரியும். லயத்துக்காரனுக்கு அது தெரியவரும்போது தேதி போய்விடுகிறது. சம்பள உறுதிக் கடிதம் கேட்டு வந்தவனிடம் “பெரிய கிராணி இல்லை, நாளைக்கு வா” என்று நம்மில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? அந்த நாளை ஒரு பிள்ளையின் நாலு வருஷத்தை விழுங்கிவிடும். நாமுந்தான் சொல்லியிருக்கிறோம், மறைப்பானேன்?

காசுக்கு வழி ஏது என்பவர்களுக்கு 1960-ஐ ஞாபகப்படுத்துவோம். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்று, நம்மைத் தெருவில் நிறுத்திய காலம் அது. துன் சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, மாதம் பத்துப் பத்து வெள்ளியாய்ச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைத் தொழிலாளியின் காசே விலைக்கு வாங்கிற்று. அந்தப் பத்து வெள்ளி, நாட்கூலி மூன்று நாலு வெள்ளியில் கிடந்தவன் வாயைக் கட்டி எடுத்த பத்து வெள்ளி. பால்மரம் குறைந்து செம்பனை பெருகிவிட்ட இந்நாளில், மரம் வெட்டும் நம்மவர் தொகையும் சுருங்கிவிட்டது, உண்மைதான். ஆனால் ஒரு பிள்ளையின் பதிவு நாளுக்கு வேண்டிய சில ஆயிரம் வெள்ளியைச் சுழல் நிதியாக வைத்து, ஒருவன் திருப்பிக் கட்ட அடுத்தவன் எடுக்கும்படி நடத்த, ஒவ்வொரு மாவட்டக் கிளைக்கும் முடியாதா? கிழக்கே கடல் தாண்டிப் போன அந்த ஒரு கடிதத்துக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சர்க்காரிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. அதில் பிடிவாதமாக நிற்கவேண்டும். நாட்கூலிக்காரன் வருமானத்தை மூன்று மாதச் சீட்டால் அளக்காதே. பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி வகுத்துப் பார். ஓய்வு நாள் வேலைக் கூலியைத் தள்ளிவிட்டு எண்ணு. அக்காள் பாக்டரியில் வாங்கும் சம்பளம் தம்பியின் கட்டணமல்ல. அவளுக்கும் கல்யாணம், காட்சி உண்டு. கோட்டுக்கு நூறு வெள்ளி மேலே போனவனை அடியோடு வெட்டாமல், படிப்படியாகக் குறைத்துக் கொடு. உதவியைப் பதிவு நாளுக்கு முன்னால் கொடு. இவற்றில் எதற்கும் புதிய சர்வகலாசாலை கட்டவேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

கனவான் அடுத்த வருஷமும் பரிசளிப்பு விழாவுக்கு வருவார். நம் தோழர்கள் போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகள் பரிசு வாங்கினால் நாமுந்தான் கைதட்டுவோம். ஆனால் கேள்வி நேரம் என்று ஒன்று வைத்தால், எழுந்து நின்று, “ஐயா, சரவாக்குக்கு டிக்கெட் என்ன விலை?” என்று ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

ஆறாம் படிவத்திலும் ஐந்தாம் படிவத்திலும் பிள்ளைகள் உள்ள உறுப்பினர்கள் வருகிற கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, கடைசி மூன்று மாதச் சீட்டோடு நிற்காமல், இலையுதிர் காலத்துச் சீட்டு உட்பட பன்னிரண்டு மாதச் சீட்டையும் கட்டி எடுத்து வாருங்கள். தொலைந்துபோனவர்கள் ஆபீசுக்கு வாருங்கள். செக்ரோலிலிருந்து பார்த்து எழுதித் தருகிறோம். நாளைக்கு வா என்று சொல்லமாட்டோம்.